பக்கவாதத்துக்குப் பின் மூச்சுத் தசைப் பயிற்சி: வாசகர் கேள்வி – பதில்

பக்கவாதத்திலிருந்து மீண்டு வருபவர்களுக்கான கை, கால் பயிற்சிகளைப் பற்றி இப்பகுதியில் எழுதிய பிறகு வந்த கடிதங்களில் பல, நான் எதிர்பாராத வகையில் மூச்சைப் பற்றியவையாக இருந்தன. இயன்முறை மருத்துவர்களாகிய நாங்களே நெடுங்காலம் போதிய கவனம் தராமல் விட்ட விஷயம் இது என்பதால், இந்த இதழ் முழுவதையும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒரே சந்தேகத்தைப் பலர் எழுப்பியிருந்தால், அவற்றுள் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: என் கணவருக்கு வயது 58. மூன்று மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் செயலிழந்தன. இப்போது கைத்தடியுடன் நடக்கிறார். புதிதாக வந்துள்ள பிசியோதெரபிஸ்ட், மூச்சுத் தசைகளுக்கும் பயிற்சி வேண்டும் என்று சொல்லி ஒரு சிறிய கருவியைக் காட்டினார். அவருக்கு ஆஸ்துமா இல்லை, புகைப்பழக்கமும் இல்லை, எக்ஸ்ரேயில் நுரையீரல் நன்றாகவே இருக்கிறது. பிறகு எதற்கு இந்தப் பயிற்சி?

பதில்: நுரையீரலுக்குத் தானாக விரியும் சக்தி கிடையாது. அதை விரிப்பவை தசைகள்தாம். துருத்தியின் தோல் கிழியாமல் இருந்தாலும் அதை இயக்கும் கை சோர்ந்துவிட்டால் உலைக்குக் காற்று போகாது அல்லவா, அது போலத்தான் இதுவும். மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே கவிந்திருக்கும் உதரவிதானம் கீழே இறங்குவதும், விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் மார்புக்கூட்டை அகட்டுவதும் சேர்ந்துதான் மூச்சு உள்ளே வருகிறது. அமைதியாக இருக்கும்போது மூச்சை வெளிவிடப் பெரிய முயற்சி எதுவும் தேவையில்லை என்றாலும், இருமவும், தும்மவும், உரக்கப் பேசவும் வயிற்றுத் தசைகள் இறுகியாக வேண்டும். எக்ஸ்ரே நுரையீரலைக் காட்டும். இந்தத் தசைகளின் வலிமையைக் காட்டாது.

மூச்சுக்கான கட்டளை மூளையிலிருந்து இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, மூளைத்தண்டின் அடியிலுள்ள முகுளத்திலிருந்து தானாக வருவது. நாம் தூங்கும்போதும் அது ஓய்வதில்லை. மற்றொன்று, நாமாக ஆழ்ந்து மூச்சிழுக்கும்போதும், மூச்சை அடக்கும்போதும், வேண்டுமென்றே இருமும்போதும் பெருமூளையின் மேற்பரப்பிலிருந்து இறங்கி வருவது. இந்த இரண்டாவது கட்டளை, கை கால்களுக்கான கட்டளைகள் செல்லும் பாதையை ஒட்டியே இறங்கி, கழுத்துப் பகுதியின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் தண்டுவட நரம்புகள் வழியாக உதரவிதானத்தைச் சென்றடைகிறது. எனவே தங்கள் கணவரின் இடது கையை முடக்கிய அதே பாதிப்பு, இடப்பக்கத்து மூச்சுத் தசைகளையும் ஓரளவு தளர்த்தியிருக்க வாய்ப்புண்டு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது முகுளம் பார்த்துக்கொள்வதால் குறை வெளியே தெரிவதில்லை.

இதைத் தாங்களே தொட்டுப் பார்க்கலாம். அவரை முதுகு சாயாமல் உட்கார வைத்து, பின்னால் நின்று, உள்ளங்கைகளைக் கீழ் விலாக்களின் இருபுறமும் பதித்து, இரு கட்டைவிரல் நுனிகளும் முதுகெலும்பின் மேல் ஒன்றையொன்று தொடும்படி வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக மூச்சு விடும்போது இரு விரல்களும் ஏறக்குறைய ஒரே அளவு அசையும். நன்றாக இழுத்து மூச்சு விடச் சொன்னதும், வலது கட்டைவிரல் தாராளமாக விலக, இடது விரல் தயங்கிப் பின்தங்குவதை நான் பலரிடம் உணர்ந்திருக்கிறேன். வாரக்கணக்கில் படுக்கையில் கிடந்ததும், ஒரு பக்கமாகச் சரிந்தே உட்கார்ந்ததும் இந்தத் தளர்ச்சியோடு சேர்ந்துகொள்கின்றன.

எண்களில் சொன்னால் இன்னும் தெளிவாகும். ஒருவர் முழு பலத்தோடு உறிஞ்சும்போது எழும் அழுத்தத்தை நீர்மட்டத்தின் சென்டிமீட்டர் கணக்கில் அளப்பது வழக்கம். ஆரோக்கியமான பெரியவர்களிடம் இது சுமார் 100 செ.மீ. இருக்கும், பெண்களிடமும் முதியவர்களிடமும் சற்றுக் குறையும். பக்கவாதம் கண்டவர்களிடம் நடந்த ஆய்வுகளிலோ சராசரி 17 முதல் 57 செ.மீ. வரைதான் பதிவாகியிருக்கிறது. பாதி வலிமை போன ஒரு கைக்கு நாம் பயிற்சி தராமல் விடுவோமா?

கேள்வி: மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது மூன்று பந்துகள் உள்ள ஸ்பைரோமீட்டர் ஒன்றைக் கொடுத்தார்கள். அம்மா தினமும் மூன்று பந்துகளையும் மேலே தூக்கிவிடுகிறார். அதுவே போதாதா? பலூன் ஊதினாலும் இதே பலன் கிடைக்கும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார்.

பதில்: மூன்று பந்துக் கருவிக்கு ஒரு வேலை உண்டு. படுத்தே இருப்பதால் சுருங்கிப்போகும் நுரையீரல் ஓரங்களை ஆழ்ந்த மூச்சால் விரித்துவிட அது உதவும். ஆனால் அது தசைக்குப் பளு கொடுப்பதில்லை. பந்துகள் எழுவது காற்றின் வேகத்தால்தான். பெரும்பாலான கருவிகளில் முதல் பந்து எழ விநாடிக்கு 600 மி.லி., இரண்டாவதற்கு 900, மூன்றாவதற்கு 1,200 என்று எழுதியிருக்கும். 'சர்ரென்று' ஒரு குட்டி மூச்சு இழுத்தாலே மூன்றும் துள்ளி எழுந்துவிடும்; அந்த மூச்சு ஆழமாகவும் இருக்காது, பளுவாகவும் இருக்காது. அம்மா மூன்றாவது பந்தைத் தூக்குகிறாரா என்று பார்ப்பதை விட, முதல் பந்தை எத்தனை விநாடி மேலேயே நிறுத்தி வைக்கிறார் என்று பாருங்கள்.

தசைப் பயிற்சிக் கருவி வேறு வகையில் இயங்குகிறது. அதனுள் ஒரு வால்வு இருக்கும். அதை ஒரு ஸ்பிரிங் அழுத்தி மூடியிருக்கும். ஸ்பிரிங்கை 15 செ.மீ. அளவுக்குத் திருகி வைத்தால், 15 செ.மீ. அழுத்தத்தில் உறிஞ்சும் வரை வால்வு திறக்காது, துளிக் காற்றும் வராது. வேகமாக இழுத்தாலும் மெதுவாக இழுத்தாலும் கொடுத்தாக வேண்டிய அழுத்தம் ஒன்றுதான், ஏமாற்ற வழியில்லை. பரவலாகப் பயன்படும் ஒரு வகையில் இந்த அளவை 9 முதல் 41 செ.மீ. வரை மாற்றிக்கொள்ளலாம். வெளிவிடும் தசைகளுக்கான கருவியும் இதே தத்துவத்தில்தான் இயங்கும், ஆனால் அதன் அழுத்தம் இதை விட மிக அதிகமாக இருக்கும். உடற்பயிற்சிக் கூடத்தில் எத்தனை கிலோ தூக்குகிறோம் என்று அறிந்து தூக்குவதற்கும், கையை வீசி ஆட்டுவதற்கும் உள்ள வேறுபாடுதான் இந்த இரு கருவிகளுக்கும் இடையில் இருக்கிறது.

பலூன் வேண்டாம் என்பதே என் கருத்து. அதை ஊதத் தொடங்கும்போது அழுத்தம் மிக அதிகமாகவும், சற்று உப்பியதும் குறைவாகவும் இருப்பதால் எவ்வளவு பளு என்று யாராலும் சொல்ல முடியாது. மூச்சை உள்ளிழுக்கும் தசைகளுக்கு அதனால் எந்த வேலையும் இல்லை. இரத்த அழுத்தம் உள்ளவர் மூச்சை முக்கிப் பிடித்து ஊதுவது நல்லதும் அல்ல. விழுங்குவதில் சிரமம் உள்ளவரின் வாயருகே கிழியக்கூடிய ரப்பரைக் கொண்டுபோவதும் எனக்கு உவப்பாக இல்லை.

கேள்வி: கருவியை வாங்கிவிட்டோம். ஒரு நாளைக்கு எத்தனை முறை, எந்த அளவில் செய்ய வேண்டும்? பெட்டியிலுள்ள குறிப்பு விளையாட்டு வீரர்களுக்கு எழுதியது போல இருக்கிறது.

பதில்: அளக்காமல் தொடங்காதீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அழுத்தமானி உள்ள ஓர் இயன்முறை மருத்துவரிடம் சென்று, அதிகபட்ச உறிஞ்சும் அழுத்தத்தை அளந்துகொள்ளுங்கள். ஒரே ஒரு முறை உறிஞ்சி வாங்கும் எண் நம்பகமானதல்ல. சில முறை திரும்பச் செய்து, ஒன்றுக்கொன்று நெருங்கிய அளவுகள் வந்த பிறகே அவற்றுள் உயர்ந்ததை எடுத்துக்கொள்வார்கள். அந்த எண்ணில் 30 சதவீதம் பொதுவான தொடக்கப் புள்ளி. அளவு 50 செ.மீ. என்று வந்தால், கருவியை 15-ல் வைத்துத் தொடங்கலாம். வாரம் ஒரு முறை மீண்டும் அளந்து, தாங்கும் வரை படிப்படியாக 50, 60 சதவீதத்தை நோக்கி ஏற்றிச் செல்வது வழக்கம். தசை வலுப்பெற்ற பிறகும் பளுவை ஏற்றாமல் அதே 15-ல் மாதக்கணக்கில் உறிஞ்சிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அவ்வளவு உழைப்பும் வீணாகிறதே என்று தோன்றும்.

பத்து மூச்சுகள் கொண்ட சுற்று ஐந்து, காலையும் மாலையும் என்பது ஆய்வுகளில் பயன்பட்ட அளவுகளில் ஒன்று. இருவேளையும் 30 மூச்சுகள் என்று கொடுப்பவர்களும் உண்டு. வாரத்துக்கு 5 நாட்களாவது, குறைந்தது 4 வாரங்கள், இயன்றால் 8 வாரங்கள் தொடர வேண்டும். பக்கவாதத்துக்குப் பின் வரும் அசதி சாதாரண அசதி அல்ல என்பதால், முதல் வாரத்தில் ஒரு சுற்றோடு நிறுத்தினாலும் குற்றமில்லை.

செய்முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சாப்பிட்ட உடனே கூடாது. ஒன்றரை, இரண்டு மணி நேரம் போகட்டும். கைப்பிடி உள்ள நாற்காலியில், பாதங்கள் தரையில் படிய, தளர்ந்த கைக்குக் கீழே ஒரு தலையணை வைத்து நிமிர்ந்து உட்கார வையுங்கள். மூக்கில் கிளிப் மாட்டுங்கள், இல்லையென்றால் அவரையறியாமல் மூக்கு வழியே மூச்சு வந்து வால்வு திறக்காமலே போய்விடும். முதலில் மூச்சை முழுவதும் வெளியே விடச் சொல்லுங்கள். மார்பு காலியான நிலையிலிருந்துதான் இழுப்பு தொடங்க வேண்டும். பிறகு பலமாகவும் வேகமாகவும் ஓர் இழுப்பு. வால்வு திறக்கும்போது 'ஸ்ஸ்' என்று காற்று பாயும் ஒலி கேட்கும். அந்த ஒலி இழுப்பு முடியும் வரை தொடர்ந்தால் பளு சரியான அளவில் இருக்கிறது, தொடங்கியதும் அறுந்து அறுந்து வந்தால் பளு அதிகம். வெளிவிடும் மூச்சு மெதுவாக, அவசரமின்றி இருக்கட்டும். தோள்கள் காது வரை ஏறுகின்றனவா என்று கவனியுங்கள். ஏறினால் கழுத்துத் தசைகளே வேலை செய்கின்றன என்று பொருள், பளுவைக் குறைத்து மீண்டும் தொடங்குங்கள்.

தலை கிறுகிறுப்பதோ, உதடும் விரல் நுனியும் மரத்துப்போவதோ, மூச்சுகளை இடைவெளியின்றி அடுக்கியதால் கார்பன் டை ஆக்சைடு அதிகமாக வெளியேறிவிட்டதன் அடையாளம். கருவியை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் இயல்பாக மூச்சு விட்டால் சரியாகிவிடும். சொன்னது புரியாத அளவுக்குப் பேச்சு பாதிக்கப்பட்டவர் என்றால், விளக்கிக்கொண்டிருக்காமல் தாங்களே ஒரு வாய்க்குழாயை வைத்து எதிரே உட்கார்ந்து செய்து காட்டுங்கள். பார்த்துச் செய்வது பலருக்குக் கைவந்துவிடுகிறது. கருவியைச் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவி, காற்றில் உலர வையுங்கள். ஒருவருடையதை மற்றவர் பயன்படுத்தக் கூடாது.

கேள்வி: அப்பாவுக்கு வாயின் வலது ஓரம் தொங்கியிருக்கிறது. குழாயை வைத்தால் அந்த ஓரத்தில் காற்று கசிகிறது, எச்சிலும் வடிகிறது. அவருக்கே கூச்சமாகி நிறுத்திவிட்டார்.

பதில்: இது மிகவும் பொதுவான சிக்கல், தீர்வும் எளிது. சாதாரண உருளைக் குழாய்க்குப் பதிலாக, பல்லுக்கும் உதட்டுக்கும் இடையே பொருந்தும் விளிம்பு உள்ள வாய்க்குழாயைக் கேட்டு வாங்குங்கள். அதற்கும் கசிந்தால், தளர்ந்த ஓரத்தை அவருடைய நல்ல கையின் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்த்து மெதுவாகப் பற்றிக்கொள்ளட்டும். கருவியைத் தாங்கள் பிடித்துக்கொள்ளலாம். மூக்கையும் வாயையும் மூடும் முகமூடியோடு கருவியை இணைக்கவும் வழியுண்டு. எச்சிலைத் துடைக்க ஒரு துணியை அவர் மடியிலேயே போட்டுவிடுங்கள், தாங்கள் துடைத்துவிடுவதை விட அவரே துடைத்துக்கொள்வதை அவர் விரும்பக்கூடும்.

கேள்வி: பக்கவாதத்துக்குப் பிறகு என் மாமியாருக்குத் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் புரையேறுகிறது. ஒரு முறை நிமோனியாவும் வந்துவிட்டது. மூச்சுப் பயிற்சி இதைச் சரிசெய்யுமா?

பதில்: தங்கள் கடிதம் தொடும் இடத்தில்தான் இந்தப் பயிற்சியின் முக்கியத்துவமே இருக்கிறது என்று நினைக்கிறேன். விழுங்கும் ஒவ்வொரு முறையும் நாம் ஒரு கணம் மூச்சை நிறுத்துகிறோம். குரல்வளை மேலெழுந்து மூச்சுக்குழாயின் வாயை மூடிக்கொள்கிறது. விழுங்கி முடித்ததும் பெரும்பாலும் மூச்சை வெளியேதான் விடுகிறோம், அதனால் ஓரத்தில் ஒட்டியிருக்கும் துளியும் உள்ளே போகாமல் தள்ளப்படுகிறது. பக்கவாதம் இந்த ஒழுங்கைக் குலைத்துவிடுகிறது. தொடக்க நாட்களில் நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விழுங்குவதில் ஏதேனும் ஒரு சிரமம் இருக்கும்.

அதையும் மீறி ஒரு துளி உள்ளே போய்விட்டால் கடைசிக் காவல் இருமல்தான். இருமலுக்கு மூன்று படிகள்: ஆழ்ந்து மூச்சிழுப்பது, குரல்வளையை மூடிக்கொண்டு வயிற்றை இறுக்கி அழுத்தம் ஏற்றுவது, சட்டென்று திறந்து காற்றை வெடிக்க விடுவது. முதற்படிக்கு உள்ளிழுக்கும் தசைகளும், அடுத்த இரண்டுக்கும் வெளிவிடும் தசைகளும் வேண்டும். நரம்புத்தசை நோய்கள் உள்ளவர்களிடம் இருமல் காற்றின் உச்ச வேகம் நிமிடத்துக்கு 160 லிட்டருக்குக் கீழே போனால் சளியை வெளியேற்ற முடியாது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உள்ளே போனதும் வெளியே வராமல் தங்கிவிடும்போதுதான் நிமோனியா வருகிறது.

பளு வைத்து ஊதும் பயிற்சி வயிற்றுத் தசைகளோடு, நாவுக்குக் கீழே இருந்து குரல்வளையை மேலே தூக்கும் தசைகளையும் சேர்த்தே வேலை செய்ய வைக்கிறது. அதனால் விழுங்குவதிலும் முன்னேற்றம் வந்ததைச் சில சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம்பிக்கைக்கு இடமுண்டு, ஆனால் இதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். முதலில் பேச்சு, விழுங்கல் சிகிச்சை நிபுணரிடம் காட்டி, பேரியம் கலந்ததை விழுங்க வைத்து எக்ஸ்ரேயில் பார்க்கும் சோதனையோ, மூக்கு வழியாக மெல்லிய கேமராவைச் செலுத்திப் பார்க்கும் சோதனையோ செய்துகொள்ளுங்கள். சிலருக்குப் புரையேறாமலே, ஒரு செருமல்கூட இல்லாமல், நீர் நுரையீரலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். குடித்தபின் குரல் கரகரவென்று ஈரமாக ஒலித்தால், அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு வந்தது மூளை இரத்தக்கசிவு. இரத்த அழுத்தமும் உண்டு. இந்தப் பயிற்சியை நான் செய்யலாமா?

பதில்: தங்கள் நரம்பியல் மருத்துவர் எழுத்தில் அனுமதி தரும் வரை வேண்டாம். பளுவை எதிர்த்து ஊதும்போது, முக்கி மூச்சைப் பிடிப்பது போன்ற நிலை உண்டாகி இரத்த அழுத்தம் சட்டென்று ஏறி இறங்கும். அண்மைய இரத்தக்கசிவு, சிகிச்சை செய்யப்படாத மூளை இரத்தக்குழாய் வீக்கம், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், நிலைகொள்ளாத இதய நோய், நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருப்பது, விலா எலும்பு முறிவு, கிழிந்த செவிப்பறை, அண்மையில் நடந்த கண், மார்பு, வயிறு அறுவை சிகிச்சைகள் ஆகிய எதுவும் இருந்தால் தொடங்கக் கூடாது. அனுமதி கிடைத்த பிறகும், பயிற்சிக்கு முன்னும் பின்னும் இரத்த அழுத்தத்தைக் குறித்துவையுங்கள். மார்பு வலி, கடுமையான தலைவலி, பார்வை மங்கல் வந்தால் அந்த மூச்சோடு நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

கேள்வி: எனக்குப் பக்கவாதம் வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. நடக்கிறேன், ஆனால் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் இரண்டு முறை நிறுத்த வேண்டியிருக்கிறது. இனிமேல் தொடங்கிப் பயனுண்டா? உண்மையைச் சொல்லுங்கள்.

பதில்: பயனுண்டு. எவ்வளவு என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

2016-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, மொத்தம் 263 பேரை உட்படுத்திய 5 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. உறிஞ்சும் வலிமை சராசரியாக 7 செ.மீ., ஊதும் வலிமை 13 செ.மீ. கூடியிருந்தது, சுவாசச் சிக்கல்கள் வரும் வாய்ப்பும் கணிசமாகக் குறைந்திருந்தது. இதற்கு மாறான முடிவும் உண்டு. பக்கவாதம் வந்து இரண்டு வாரத்துக்குள் இருந்த 82 பேரிடம் லண்டனில் நடந்து, 2015-இல் வெளியான ஆய்வில், உண்மையான பளுவோடு பயிற்சி செய்தவர்களுக்கும் பளு இல்லாத போலிக் கருவியில் செய்தவர்களுக்கும் இருமலின் வேகம் ஒரே அளவில்தான் கூடியது. தொடக்க வாரங்களில் உடல் தானாகவே வேகமாகத் தேறுவதால் பயிற்சியின் பங்கு தனித்துத் தெரியாமல் போயிருக்கலாம் என்பது என் எண்ணம். தாங்களோ அந்தக் கட்டத்தைக் கடந்து நெடுநாள் ஆகிறது. தானாகத் தேறுவது நின்றுவிட்ட நிலையில், பளு கொடுத்தால் மட்டுமே தசை வளரும்.

மூன்று மாதங்களுக்கு மேலானவர்களிடம், உள்ளிழுக்கும் தசைகளுக்கும் வெளிவிடும் தசைகளுக்கும் சேர்த்து, தினமும் 40 நிமிடம், வாரத்தின் 7 நாளும், 8 வாரம் வீட்டிலேயே கடுமையாகப் பயிற்சி தந்த ஒரு பிரேசில் ஆய்வில், வலிமை நன்றாகக் கூடியதோடு மூச்சிரைப்பும் குறைந்தது. ஆனால் நடக்கும் தூரம் கூடவில்லை. ஆகவே மாடிப்படியில் இரைப்பு குறையும் என்று எதிர்பாருங்கள், கால் வேகமாக எழும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதற்குக் கால் பயிற்சியும் நடைப் பயிற்சியும் தனியே வேண்டும். முதலில், படியேறினால் இரைப்பது இதயத்தாலோ இரத்தசோகையாலோ அல்ல என்று ஒரு மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பேச்சைப் பொறுத்தவரை, வாக்கியம் இடையில் அறுபடுவதற்கு மூச்சு ஒரு காரணம் மட்டுமே; நாக்கும் குரல்நாணும் தளர்ந்திருப்பதும் காரணமாகலாம். தொடங்கும் நாளன்று ஆழ்ந்து மூச்சிழுத்து, ஒரே மூச்சில், சாதாரணக் குரலில், ஒன்றிலிருந்து எந்த எண் வரை சொல்ல முடிகிறது என்று ஒரு தாளில் தேதியிட்டு எழுதிவையுங்கள். எத்தனையாவது படியில் நிற்க வேண்டியிருக்கிறது என்பதையும் அதன் கீழே எழுதுங்கள். வாரந்தோறும் அதே நாளில், அதே நேரத்தில் இரண்டையும் மீண்டும் குறியுங்கள். எட்டாவது வாரத்தில் அந்தத் தாளையும் அழுத்தமானி காட்டிய எண்களையும் எடுத்துக்கொண்டு தங்கள் இயன்முறை மருத்துவரிடம் செல்லுங்கள். பயிற்சியை அடியோடு நிறுத்தினால் பெற்ற வலிமை மெல்லக் கரையத் தொடங்கும். ஆகவே வாரத்துக்கு இரண்டு, மூன்று நாட்களாகக் குறைத்துத் தொடர்வதா, பளுவை இன்னும் ஏற்றுவதா என்பதை அந்த எண்களைப் பார்த்து இருவருமாக முடிவு செய்யலாம்.